ஆறாவது கிளாம்ப்

மருத்துவமனையின் பின்பக்கத்தில், ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, எண்ணி, துணியில் கட்டி, நீராவியில் வைத்தெடுக்கும் அறை ஒன்று இருக்கிறது. அதன் பொறுப்பாளரை நாங்கள் ‘ரெண்டுதரம் அக்கா’ என்போம். முகத்துக்கு நேரே வெறும் அக்காதான். கட்டிய செட்டுகளை வண்டியில் வைத்து மேல்மாடிக்குத் தள்ளிக்கொண்டு போகிறவன் நான். பதினோரு வருடமாக அந்த அறையின் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்து வருகிறேன்.

அக்கா எதையும் ஒரு தரம் பார்த்து நம்பமாட்டாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். நான் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கும் பேனா அவளுடையதுதானா என்று மூடியைத் திறந்து பார்ப்பாள். பஸ் ஓட்டும் அவள் கணவர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: “கல்யாணத்துக்கு முன்னாடி என்னை ரெண்டு தரம் வரச்சொல்லிப் பார்த்தாப்பா. ரெண்டாவது தரம் அடையாள அட்டையோட.”

சிரிக்கலாம். ஆனால் இருபது வருடத்தில் அவள் கட்டிய செட்டில் ஒரு கத்தரிக்கோல் குறைந்தது என்று யாரும் சொன்னதில்லை. அந்த நல்ல பெயரைத்தான் அவள் கட்டிக் காத்து வந்தாள்.

அங்கே மூன்று மாதச் சோதனைக்காலத்துக்கு ஒருத்தி வந்தாள். முப்பதை நெருங்கிய வயது. பழைய வேலையை விட்டுவிட்டு வந்தவள். இங்கே நிரந்தரமாகாவிட்டால் நடுத்தெருதான். கை சுத்தம், வேலையும் சுத்தம். வாய்தான் திறக்காது. அக்கா அவளுக்கு வைத்த பெயர் ‘புதுசு’.

“இப்ப வர்றதுங்களுக்கு நாலு பேரோட சேர்ந்து வேலை செய்யவே தெரியலை” என்பாள் அக்கா. புதுசுக்கு முன்னால் வந்த இரண்டு பேரையும் அப்படி எழுதித்தான் அனுப்பிவைத்தாள்.

செட் கட்டுவதற்கு இரண்டு ஆள் வேண்டும். அக்கா பட்டியலைப் படிப்பாள். மற்றவர் கருவியைத் தொட்டு, “இருக்கு” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். புதுசு தலையை மட்டும் ஆட்டுவாள்.

“நான் பட்டியலைப் பார்ப்பேனா, உன் தலையைப் பார்ப்பேனா?”

அதற்கும் ஒரு தலையாட்டல்தான்.

சாப்பாட்டு நேரத்தில் புதுசு சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். பிறகு ஒரு சின்ன நோட்டில் என்னவோ எழுதுவாள். அக்கா வந்தால் நோட்டு பாக்கெட்டுக்குள் போய்விடும். அக்காவுக்கு அது போதாதா?

“என் தப்பையெல்லாம் எழுதி மேல கொடுக்கப் போறா. என் நாற்காலி மேல கண்ணு.”

“அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுதுக்கா. அதுக்கு யாரு ஆசைப்படுவா?”

“ஓ, நீயும் அவ பக்கமா?”

அன்று முதல் என் வண்டியையும் இரண்டு தரம் எண்ணினாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நாள் ஆக ஆக எனக்கும் அந்தச் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. புதுசு குனிந்து நடந்தால்கூட எதையோ மறைக்கிறாள் என்று தோன்றியது.

சோதனைக்காலத்தின் கடைசி நாள். மத்தியானம் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன் வந்தது. ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் ஆறு இருக்க வேண்டிய செட்டில் ஐந்துதான் இருந்ததாம். ஆபரேஷனுக்கு முன்பே எண்ணிப் பார்த்ததால் வேறு செட்டைப் பிரித்துவிட்டார்கள். நோயாளிக்கு ஒன்றுமில்லை. அக்காதான் இடிந்துபோய் உட்கார்ந்தாள். பிறகு சட்டென்று புதுசு பக்கம் திரும்பினாள்.

“நீதானே எடுத்தே? என் பேரைக் கெடுக்கத்தானே?”

புதுசு இல்லை என்று தலையாட்டினாள்.

“அந்த நோட்டைக் கொடு.”

பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நான் வண்டியைத் தள்ளாமல் நின்றேன். வேடிக்கை பார்க்கத்தான்.

பட்டியல் படிக்கும் அதே குரலில் அக்கா சத்தமாகப் படித்தாள். “அக்கா, இந்த ட்ரே சுடும், பார்த்து. அக்கா, எனக்கு இந்த மெஷினை ஒரு தரம் காட்டுவீங்களா? அக்கா, உங்ககூட உட்கார்ந்து சாப்பிடலாமா?” கடைசி வரி நாலு தரம் எழுதி நாலு தரமும் அடிக்கப்பட்டிருந்தது. அக்காவின் குரல் இறங்கியது. அடுத்த பக்கத்தில் அன்றைய தேதி. “அக்கா, நீங்க போன் எடுக்கப் போனப்போ பட்டியல்ல நின்ன வரி கிளாம்ப். அஞ்சுதான் இருக்கு.”

காலையில் எண்ணிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது உண்மை. திரும்பி வந்து, அந்த ஒரு தரம் மட்டும் மறுபடி எண்ணாமல், அடுத்த வரியிலிருந்து படித்தது அக்காதான்.

“தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் சொல்லலை.”

“சொல்ல வந்தேங்க்கா.” அவள் குரலை நான் முழுசாகக் கேட்டது அன்றுதான். “மூணு தரம் பக்கத்துல வந்தேன். ‘என்ன நோட்டம் விடுறே, வேலையைப் பாரு’ன்னீங்க.”

“நான் ஆயிரம் சொல்லுவேன்! அதுக்காக விட்டுடுவியா? மேல ஒரு உயிரு படுத்திருக்கு!”

“தப்புதான்க்கா. பயந்துட்டேன்.”

எனக்கு இரண்டு பேர் மேலும் பற்றிக்கொண்டு வந்தது. இவளுக்கு வாய் வராது, அவளுக்குக் காது கேட்காது, நடுவில் யாரோ ஒரு நோயாளி. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

சாயங்காலம் அக்கா சோதனைக்காலப் படிவத்தை மடித்து என்னிடம் கொடுத்தாள். அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். நடைபாதையில் பிரித்துப் பார்த்தேன். ‘இணைந்து பணியாற்றும் திறன்’ என்ற கட்டத்தில் வழக்கம்போல ‘குறைவு’ என்றிருந்தது. அதை ஒட்டி, ‘எனக்கும்’. அதற்குக் கீழே, ‘கிளாம்ப் வரியை விட்டது நான். இன்னும் மூன்று மாதம் இருவரையும் சேர்த்துப் பாருங்கள்.’

“நில்லு!”

பின்னாலேயே வந்துவிட்டாள். படிவத்தைப் பிடுங்கி முதலிலிருந்து படித்தாள். எழுதியதை அடித்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். படித்து முடித்து, திருப்பித் தந்தாள்.

“போ. நீ படிச்சிருப்பேன்னு தெரியும்.”

அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஜன்னல் வழியாக அக்கா அடுத்த செட்டுக்குப் பட்டியல் படிப்பது கேட்டது.

“கிளாம்ப், ஆறு.”

ட்ரேயில் கிளாம்ப் படும் சத்தம் ஆறு தரம் கேட்டது.

“இருக்குக்கா.”

“இன்னொரு தரம் சொல்லு” என்றாள் அக்கா.