போக இரண்டு மணி, வர ஒன்றே முக்கால்

அத்தாவும் நானும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, பள்ளிக்கூட அட்லஸின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தது. ஒரு முனை திருச்சி, மறுமுனை கொழும்பு. அத்தா இரண்டு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டார். நான் அளந்தேன். இருநூற்று எண்பது மைல்.

அத்தா என்றால் என் தகப்பனார்; பெயர் சனாவுல்லா. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் கம்பெனிக்குப் பத்தொன்பது வருஷம் டைம் கீப்பர். எந்த வண்டி இப்போது எந்த வளைவில் இருக்கும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வார். தப்பினால் டிரைவரைத்தான் திட்டுவார்.

அவருடைய அக்கா, எனக்கு மாமி, ஷரீஃபா கல்யாணமாகிக் கொழும்பு போனவர். இருவரும் பார்த்து இருபத்திரண்டு வருஷம். மாமிக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது என்று 1962இல் கடிதம் வந்தது. கம்பெனி கொடுத்த லீவு நான்கு நாள். ரயிலும் கப்பலுமாகப் போனால் அத்தனையும் வழியிலேயே கழியும். விமானத்தில் போனால் அக்காவோடு இரண்டு நாள் முழுசாக இருக்கலாம். அதற்காகத்தான் அந்த நூல்.

நான் ஓவர்சியர் படிப்புப் படித்தவன். "மணிக்கு நூத்தைம்பது மைல். ரெண்டு மணிக்குக் கொஞ்சம் கம்மி, அத்தா."

"போகவா, வரவா?"

"தூரம் ஒண்ணுதானே. ரெண்டும் ஒண்ணுதான்."

"ஏலே, கொடைக்கானலுக்கு ஏற மூணு மணி, இறங்க ரெண்டரை. தூரமா மாறுது?"

"அது மலை. ஆகாசத்துல ஏது மலை?"

பக்கத்து பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் பொம்மையன் சிரித்தார். "பாய், பிளேனுக்கும் நீங்கதான் விசில் ஊதப் போறீகளா?"

"நீ ஓட்டாத வரைக்கும் அது நேரத்துக்குப் போகும்" என்றார் அத்தா.

மறுவாரம் வேலையாகத் திருச்சி போனவன், விமான நிலையத்தில் விசாரித்தேன். "காத்தைப் பொறுத்தது சார்" என்றார் குமாஸ்தா. "இந்த மாசம் போக ரெண்டு மணி, வர ஒண்ணேமுக்கால்." எதிர்க்காற்று மணிக்குப் பத்து மைல். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

வந்து சொன்னதும் அத்தா எழுந்து நின்றுவிட்டார். "பாத்தியா அப்பு! அங்கயும் மலை இருக்கு. கண்ணுக்குத் தெரியல, அம்புட்டுத்தான்."

ஸ்டாண்டில் அதை அவர் சொல்லாத ஆள் இல்லை. பொம்மையனிடம் இரண்டு தடவை. அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் முதல் வரியே அந்தக் கால் மணி வித்தியாசம்தான். நலம் விசாரித்தது அதற்கப்புறம்.

பதினோரு நாள் அந்தச் சந்தோஷத்தில் இருந்தார். புதன்கிழமை காலை கொடைக்கானல் வண்டியை அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மாமிக்கு நான் தந்தி கொடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் திண்டுக்கல் போய், பாஸ்போர்ட்டுக்காக எடுத்த போட்டோவை வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தார். மூன்று பிரதி. இன்னும் ஸ்டுடியோவில்தான் இருக்கின்றன.