அரை மணி நேரம் ஐஸ் இல்லாமல்

தொண்ணூறுகளில் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவினேன். கிள்ளானிலிருந்து பஸ். ஆறாம் வகுப்பு வரைதான் படிப்பு. கழுவ அது போதும்.

அங்கே ஒரு பெண் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பிரிக்பீல்ட்ஸ்காரி. என்னை அக்கா என்பாள். நான் டாக்டர் என்பேன்.

"இன்னும் ஆகலக்கா."

"ஆயிடுவீங்க லா. இப்பவே பழகிக்கிறேன்."

அவள் வேலை புற்றுநோய் செல்லில். ஒரு நாள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி என்னதான் தேடுறீங்க என்று கேட்டேன்.

"செல்லுக்குள்ள ஒரு புரோட்டீன் இருக்குக்கா. ஜீன் கெட்டுப்போனா அது போய் மத்த ஜீன் மேல உட்கார்ந்து எழுப்பி விடும். வளர்றத நிறுத்துன்னு அதுங்க சொல்லும். செல்லு கேட்டுக்கும்."

"நல்ல புரோட்டீன்தான்."

"நல்லதுதான். ஆனா கூடிப்போனா நல்ல செல்லே செத்துடும். அதனால செல்லு அதுமேல ஒரு சீட்டு ஒட்டும். சீட்டு ஒட்டினதை அரைக்க உள்ள ஒரு மெஷின். செய்யும், அரைக்கும். நாள் பூரா இதே வேலை."

"எதுக்கு செஞ்சு அரைக்கணும்? செய்யாமலே இருக்கலாமே."

"ஆபத்து வந்தா உடனே வேணும்ல? சீட்டு ஒட்டறத நிறுத்தினா போதும். சடசடன்னு கூடிடும்."

எனக்கு அது சரியாகப் பட்டது.

அவள் வளர்த்த செல்லில் ஒரு வைரஸ் புகுந்திருந்தது. அந்த நல்ல புரோட்டீனுக்கு அது விடாமல் சீட்டு ஒட்ட வைக்கும். எல்லாம் அரைபட்டுப் போகும். தடுக்க ஆளில்லாமல் செல் வளரும். மெஷினை நிறுத்த ஒரு மருந்து உண்டு. அதைக் கொடுத்தால் புரோட்டீன் அரைபடாமல் நிற்க வேண்டும். நிற்கிறதா என்று பார்ப்பதுதான் அவளுடைய இரண்டு வருட வேலை. மருந்து வெளிநாட்டிலிருந்து வந்தது. சுண்டுவிரல் உயரப் புட்டி. இரண்டு தடவைக்குத்தான் வரும்.

தீபாவளி வாரம் வந்தது. எங்களைப் போன்ற தமிழ் வேலைக்காரர்கள் ஆபீசுக்கே விருந்து வைப்பது வழக்கம். முறுக்கு, ரோஸ் சிரப். நடைவழியில் ஐஸ் மெஷின் இருந்தது. சாப்பிட எடுக்காதே என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்த ஆளை நான் பார்த்ததில்லை. அன்று பத்து மணிக்கே மெஷின் காலி.

அவளுக்குப் பொறுப்பான புரொபசர் விருந்தாளிகளோடு சீக்கிரம் வந்துவிட்டார். சிரப் வெதுவெதுப்பாக இருந்தது. டாக்டரின் மேசையில் வெள்ளைப் பெட்டி நிறைய ஐஸ். செல்லை உடைத்துச் சின்ன டியூப்களில் ஊற்றி, அதில் குத்தி வைத்துவிட்டு எங்கோ போயிருந்தாள். மூடிய டியூப், என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். எடுத்துத் தட்டில் நிற்க வைத்தேன். ஐஸைக் கொண்டுபோனேன். புரொபசர் மூன்று கிளாஸ் குடித்தார்.

அரை மணி கழித்து மெஷின் மறுபடி ஐஸ் போட்டது. பெட்டியை நிரப்பி, டியூப்களை அதே வரிசையில் குத்தி வைத்தேன். யாருக்கும் தெரியாது.

டியூபிலிருந்த புரோட்டீன்கள் எக்ஸ்ரே பிலிமில் கறுப்பாகப் பதியும். இரண்டு நாள் கழித்து அவள் அந்தப் பிலிமைக் கழுவிப் பார்த்தாள். சரிபார்க்க வைத்த இன்னொரு புரோட்டீன் கறுப்புப் பட்டையாக நின்றது. அவள் தேடியது மருந்து கொடுத்த இடத்திலும் இல்லை. மருந்து வேலை செய்யவில்லை, திங்கட்கிழமை வேறு தலைப்போடு வா என்று புரொபசர் சொல்லிவிட்டார்.

அவள் அழவில்லை. என் தொட்டியடிக்கு வந்து தன் கோப்பையைத் தானே கழுவினாள். ஒரு நாளும் கழுவியதில்லை.

"டாக்டர், டியூப் ஐஸ் இல்லாம இருந்தா என்ன ஆகும்?"

"செல்லை உடைச்சதும் வெட்டுற சாமானெல்லாம் வெளிய வந்துடும்க்கா. ஐஸ்லதான் அடங்கி இருக்கும். இல்லன்னா தின்ன ஆரம்பிச்சுடும். நான் தேடுற மாதிரி மெல்லிசானதுதான் முதல்ல போகும். ஏன்?"

சொன்னேன்.

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி."

"என் ஐஸை என்ன செஞ்சீங்க?"

"சிரப்ல போட்டேன்."

"அலாமாக்! நானும் ரெண்டு கிளாஸ் குடிச்சேன்க்கா!"

சிரித்தாளா, திட்டினாளா, தெரியவில்லை. இரண்டும்தான் போல. பிறகு சொன்னாள். "நீங்களே வந்து சொல்லணும். நான் சொன்னா சாக்குன்னு நினைப்பாரு."

போனேன். புரொபசர் சீனர். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். டாக்டர் மேல் தப்பில்லை, ஐஸை எடுத்தது நான் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த சிரப்பா?" என்றார். ஆமாம் என்றேன். மிச்ச மருந்தில் இன்னொரு தடவை செய்யட்டும் என்றார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் தடவை நான் அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை. ஒரு லெக்சரர் கோப்பையோடு வந்தார்.

"ரெண்டு துண்டு மட்டும், அக்கா."

"ஒரு துண்டும் கிடையாது, சார்."

இரண்டு நாள் கழித்து இருட்டறையிலிருந்து அவள் ஈரப் பிலிமோடு வந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மருந்து கொடுக்காத இடத்தில் ஒன்றுமில்லை. கொடுத்த இடத்தில் விரல் தடிமனுக்குக் கறுப்பு.

"நிக்குதா?"

"நிக்குதுக்கா!"

அப்படியே புரொபசர் அறைக்கு ஓடினாள். வழியெல்லாம் சொட்டிக்கொண்டே போனது. அப்போதுதான் துடைத்த தரை. மறுபடி துடைத்தேன்.