கல் குதிரை கோயம்புத்தூர் போன கதை

பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு பர்லாங் நடந்து வந்த பிறகும் சீவலப்பேரி வயல்காரர் திட்டுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. காற்று அவர் பக்கமிருந்து அடித்தது.

"பொஸ்தகம் படிக்கவாலே ஒன்ன வச்சேன், மூதி! மயிலுக்குப் பந்தி பரிமாறவாலே வச்சேன்!"

அவர் கேட்டதில் தப்பில்லை. விளைந்த நெல்லில் மயில் விழாமல் விரட்டத்தான் என்னை வைத்தார். அதற்கு ஒரு தகர டப்பாவும் குச்சியும் கொடுத்தார். நான் டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். மயில்கள் குடும்பத்தோடு வந்து வரப்போரம் ஒரு மூலையைச் சுத்தமாக உருவிவிட்டுப் போயின. கடைசி மயில் போகும்போதுதான் தலையைத் தூக்கினேன்.

பஸ் நிற்கும் இடம் அவர் வீட்டு வாசலில். அதனால் நடந்தேன். பையில் இரண்டு சட்டை, இடுப்பில் கட்ட ஒரு சாரம், ஒரு தட்டு, அந்தப் புத்தகம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். காதல் கதையும் மாயக்கதையும் தவிர வேறு எதையும் படித்ததில்லை. கஷ்டப்படுகிறவர்களைப் பற்றிய கதைகளைச் சிலர் கையில் திணித்தார்கள். அதற்கு நான் வேலைக்குப் போனாலே போதுமே, எதற்குப் படிக்க? அதிலும் ஒரே புத்தகத்தில் முற்றும் போடுகிற கதைதான் வேண்டும். இரண்டாம் பாகம் வருகிறபோது நான் எந்த ஊரில் இருப்பேன் என்று எனக்கே தெரியாது. செல்போனில் வாரம் ஒரு அத்தியாயம் போடுகிறார்கள். அது நிலையான வீடும் ரீசார்ஜும் உள்ளவர்களுக்கு.

படித்ததில் நல்லவை பல உண்டு. ராணியின் நிழல் மட்டும் தனியாக ஓடிப்போய்த் தச்சனைக் கட்டிக்கொள்கிற கதை ஒன்று. பெண் பார்க்க வந்தவன் பெண்ணை விட்டுவிட்டு அவள் போட்ட காபியை ஒரு அத்தியாயம் முழுக்கக் காதலிக்கிற கதை ஒன்று. ஆனால் பையில் தங்கியது ஒன்றே ஒன்றுதான். அட்டை போய், முதல் தாளும் போய், பெயரே தெரியாத புத்தகம்.

அதில் ஆற்றுக்கு அடியில் ஒரு நகரம். அங்கிருக்கும் ராஜகுமாரி கரைக்கு வந்து ஒரு தோணிக்காரனைக் காதலிக்கிறாள். சூனியக்காரி ஒருத்தி அவனைக் கல் குதிரையாக்கி, கண் இரண்டையும் செம்புப் பெட்டிக்குள் பூட்டி மலைக்குக் கொண்டுபோகிறாள். ராஜகுமாரி மலை ஏறுகிறாள். நூற்று நாற்பத்து நான்காம் பக்கம் முடியும்போது குகை வாசலில் நிற்கிறாள். உள்ளே பெட்டி மினுங்குகிறது.

நூற்று நாற்பத்தைந்தாம் பக்கத்தில் அவள் கோயம்புத்தூரில் மாமியாருக்குக் காபி ஆற்றிக்கொண்டிருக்கிறாள். புருஷன் மில்லில் இன்ஜினியர். சாப்பிடுவான், செருப்பு மாட்டுவான், போவான். அவளிடம் ஒரு வார்த்தை பேசமாட்டான்.

முதல் தடவை படித்தபோது திகைத்தேன். அடுத்த நாள் செங்கல் சுமக்கும்போது புரிந்தது. அவன்தான் குதிரை! கல்லாகப் போனவன் எப்படிப் பேசுவான்? எழுதியவர் என்ன துணிச்சலாக, ஒரு வரி விளக்கம் கூடச் சொல்லாமல் தாண்டியிருக்கிறார் என்று சூளைப் புகையில் நின்று வியந்தேன். அவள் பெயரும் மாறியிருந்தது. ஊருக்கு ஒரு பெயர் சொல்லி வேலை பார்த்தவன் நான், எனக்கு அது பெரிதாகப் படவில்லை. கடைசிப் பக்கத்தில் அவளுக்குக் காய்ச்சல். அவன் ரசம் வைத்துக் கொண்டுவந்து, "உப்பு போதுமா?" என்று கேட்கிறான். முற்றும். கல் கரைந்துவிட்டது. நான் அழுதேன். ஆறு வருஷத்தில் பதினொரு தடவை படித்துவிட்டேன்.

சீவலப்பேரியில் பக்கத்து வயலில் நடவு பிந்தியதால் ஐந்து பெண்கள் அப்போதுதான் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இந்தக் கதையை மூன்று நாளாகச் சொன்னேன். மத்தியானம் கஞ்சி தருவார்கள். ரசம் வந்த இடத்தில் எல்லாரும் மூக்கை உறிஞ்சுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்களில் மூத்தவள் இடுப்பை நிமிர்த்தி, "அந்தப் பொட்டி என்னாச்சு தம்பி?" என்றாள்.

"எந்தப் பொட்டி எக்கா?"

"கண்ணு ரெண்டும் பொட்டிக்குள்ள கெடக்குன்னு நீதான சொன்ன. அப்பம் கோயமுத்தூர்ல அவன் கண்ணில்லாமயா செருப்பு மாட்டுதான்?"

"இஞ்சினியருக்கு மில்லுல வேற கண்ணு போட்டுருப்பாவ" என்றாள் இன்னொருத்தி. ஐந்து பேரும் சேற்றில் கையை ஊன்றிச் சிரித்தார்கள்.

"சிரிக்காதீக. அந்தப் பய கண்ணு எங்கன இருக்குன்னு தெரியாம எனக்கு ஒறக்கம் வராது. நாளைக்கு வந்து சொல்லு தம்பி. சொல்லலேன்னா கஞ்சி கெடையாது."

கஞ்சி போனால் போகட்டும். பதினொரு தடவை படித்தும் அந்தப் பெட்டியை நான் எப்படிக் கவனிக்காமல் விட்டேன்? என் தோணிக்காரன் குருடனாகவே ரசம் வைத்தானா? மறுநாள் நூற்று நாற்பத்தைந்திலிருந்து வரி வரியாகப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் மயில்கள் வந்தன.

ஆகவே அந்த ரோட்டில் நான் சும்மா நடக்கவில்லை. புத்தகம் எடுத்த இடத்துக்கே போய்க்கொண்டிருந்தேன். பாளையங்கோட்டையில் ஒரு சந்துக்குள் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கிற அண்ணாச்சி ஒருவர். ஜெராக்ஸும் எடுப்பார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவரிடம் எடுத்த புத்தகத்தோடு லாரி ஏறிப் போனவன் நான். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏலே, நீ செத்துட்டேன்னுல்லா நெனச்சேன்!"

"இல்ல அண்ணாச்சி, சாத்தான்குளத்துல இருந்தேன்."

"போஸ்ட் ஆபீஸ் கூடவாலே இல்ல அங்கன?"

பெட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் புத்தகத்தைப் பக்கவாட்டில் திருப்பி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"இங்கன பாரு. இந்தப் பாதி பழுப்பு, அந்தப் பாதி வெள்ள. தெரியுதா?"

தெரிந்துதான் இருந்தது. ஆற்றுக் கதை என்பதால் முதல் பாதி நனைந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

"பதினாறு பக்கம் ஒரு பாரம். ஒம்பது பாரம் ஒரு கதை, மிச்சம் இன்னொரு கதை. ரெண்டும் ஒரே அளவு மாச நாவல். பைண்டிங்குக்குக் குடுத்தப்போ பைண்டிங்காரி பாரத்த மாத்தித் தச்சிட்டா. பக்க நம்பரும் சரியா ஓடுது, எவன் கண்டான்? இது ரெண்டு பொஸ்தகம்லே, கூறு கெட்டவனே!"

கடைக்கு முன்னால் ஆட்டோ போனது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். நான் நூற்று நாற்பத்தைந்தாம் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதோட ஜோடிய ஆழ்வார்குறிச்சி டீச்சரம்மா ஒருத்தி எடுத்துட்டுப் போயி, மறுநாளே வந்து மேசையில வீசுனா. 'குடும்பக் கதைன்னு குடுத்தேரு. மாமியா சண்டை நல்லா சூடு புடிக்கையில குகைக்குள்ள இருந்து குதிர கனைக்குது வே'ன்னா. திருப்பி பைண்டிங்குக்கே அனுப்பிட்டேன். இந்தப் பாதி வந்தாத்தான் சேக்க முடியும்னு பைண்டிங்காரி ஆறு வருசமா வச்சிருக்கா. நீ எங்க, சாத்தான்குளத்துலல்லா இருந்த!"

பைண்டிங் கடை இரண்டு சந்து தள்ளி. நாற்பது வயது இருக்கும் ஒரு பெண் ரெக்கார்டு நோட்டுகளை மலையாகக் குவித்து நடுவில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி அனுப்பினார் என்று புத்தகத்தை நீட்டினேன். முதுகைத் தடவிப் பார்த்தாள்.

"என் தையல்தான் இது. கெட்டியா இருக்குல்லா?" என்றாள். வருத்தமெல்லாம் ஒன்றும் இல்லை.

பரணில் கைவிட்டு, சணல் கட்டிய ஒரு தாள் கட்டை எடுத்தாள். அதற்குள்தான் குகை. அதற்குள்தான் பெட்டி. கையை நீட்டினேன். கட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அஞ்சு நிமிசம் பாத்துட்டுத் தாறேங்கா."

"ஒருநாள் வாடகைக்கு எடுத்துட்டு ஆறு வருசம் வச்சிருந்த ஆளு வே நீரு. மொதல்ல ஒம்ம பொஸ்தகத்த அவுக்கணும். அவுத்தாத்தான் ரெண்டும் ரெண்டாவும்."

"அவுக்காம...?"

"அவுக்காம எப்பிடி வே? பசை கிண்டுத ஆளு வேலைய விட்டு நின்னுட்டான். காலைல வாரும். பசையக் கிண்டும், ஒம்ம பொஸ்தகத்த நீரே அவுத்து நீரே சேரும். சேக்கையில படிச்சுக்கிடும். ஆனா எடுத்துட்டு ஓடுனீர்னா ஊசிய எங்க ஏத்தணும்னு எனக்குத் தெரியும்."

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். சாயங்காலம் முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உலகத்திலேயே இந்த ஒரு பிரதியில்தான் கல் குதிரை இன்ஜினியர் ஆகிறது. நூலை அறுத்தால் அந்தக் கதையே இல்லை. அறுக்காவிட்டால் தோணிக்காரன் கண் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். இந்த மாதிரி நேரத்தில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் நிற்கிற பஸ்ஸில் ஏறிவிடுவேன். சாத்தான்குளம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஏறுதீரா, இல்ல சும்மா வேடிக்கையா?" என்று கேட்டார். வேடிக்கைதான் என்றேன்.

மறுநாள் காலையில் பைண்டிங் கடையில் சேர்ந்தேன். முதல் வேலையாக அவள் ஒரு பிளேடைக் கொடுத்தாள். முதுகில் இருந்த நூலை அறுத்தேன். நல்ல தையல், நாலு இடத்தில் அறுக்க வேண்டியிருந்தது. கோயம்புத்தூரை ஒரு பக்கம் வைத்தேன், ஆற்றை ஒரு பக்கம் வைத்தேன். பிறகு அடுப்பில் மைதாவை ஏற்றி, வலது கையால் கிண்டிக்கொண்டே இடது கையில் சரியான நூற்று நாற்பத்தைந்தாம் பக்கத்தைப் பிடித்தேன்.

கண்ணைத் திருப்பிக் கொடுக்கச் சூனியக்காரி ராஜகுமாரியின் குரலைக் கேட்கிறாள். அவள் கொடுத்துவிடுகிறாள். குதிரை மனிதனாகிறது. அவனுக்குக் கண் தெரிகிறது, அவளுக்குப் பேச்சு வரவில்லை. அதன் பிறகு தோணியில் அவன் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டே போகிறான், அவள் துடுப்பால் தோணியைத் தட்டிப் பதில் சொல்கிறாள். மோசமில்லை. ரசம் அளவுக்கு வராது. ஆனால் களை பறிக்கிறவளிடம் சொல்லலாம்.

"அடிப்பிடிக்குது வே!"

பிடித்துத்தான் இருந்தது. பைண்டிங்காரி முழுச் சட்டியையும் சாக்கடையில் கொட்டிவிட்டு, தண்ணீரும் மைதாவும் புதிதாக அளந்து ஊற்றினாள். பூச்சி தின்னாமல் இருக்கக் கலக்கச் சொல்லி ஒரு பொட்டலம் மயில்துத்தம் தந்தாள். பிரித்தேன். நெல்லைத் தின்றுவிட்டுப் போன அந்தக் கடைசி மயிலின் கழுத்து நிறம்.

களை இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று அந்த ஐந்து பெண்களும் சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் சீவலப்பேரிக்கு டவுன் பஸ் உண்டு, வயல்காரர் வீட்டுக்கு முந்திய நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம். அந்த இன்ஜினியர் எதற்காகப் பேசாமல் போனான் என்பது இன்னும் பரண் கட்டில்தான் இருந்தது, நான் படிக்காத ஒன்பது பாரத்தில். அதை நாளைய பசைக்கு என்று எடுத்து வைத்துவிட்டு, இந்தத் தடவை இரண்டு கையாலும் கிண்டினேன்.