தூக்கிரலாம்

கழிப்பறைக் கதவுக்குத் தாதா தாழ்ப்பாள் போட்ட அன்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கொல்கத்தாவில் சால்ட் லேக்குக்கு ஆபீஸ் குடிவந்த நாளிலிருந்து அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போகிறவர் வெளியே வரும்வரை பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். வருஷக்கணக்காக எங்களைப் பாடவிட்ட மனிதர், திடீரென்று ஒரு நாள் தச்சரை அழைத்து வந்தால் அது சும்மாவா இருக்கும்?

தாதா எங்கள் முதலாளி. பெங்காலியில் தாதா என்றால் அண்ணன். கல்யாணமாகி சென்னையிலிருந்து வந்த புதிதில் என் மனைவி, நான் யாரோ ரவுடியிடம் வேலை பார்ப்பதாக நினைத்துக் கலங்கிப்போனாள். ஒரே வார்த்தை ஊருக்கு ஊர் இப்படிக் காலை வாரிவிடும் என்று அப்போதே நான் தெரிந்துகொண்டிருக்கலாம்.

வீடியோவைச் சுருக்கி டெலிபோன் லைனில் அனுப்பி, அடுத்த முனையில் விரித்துக் காட்டுவது எங்கள் தொழில். தொண்ணூறுகளின் கடைசியில், பாலிகஞ்சில் தாதா வீட்டுக் கார் ஷெட்டில் ஆரம்பித்தோம். என்ன வேலை என்று கேட்பவர்களிடம் விளக்கினால், பொறுமையாகக் கேட்டுவிட்டு, கேபிள் கனெக்‌ஷனுக்கு மாதம் எவ்வளவு என்பார்கள்.

எங்களுக்கு வாழ்வு தந்தது புகை. வெளிநாட்டிலிருக்கும் பெங்காலிகளுக்கு துர்கா பூஜையை இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்ட ஒப்புக்கொண்டிருந்தோம். பூஜையில் புகையும் மண் தூபக்காலை ஏந்திக்கொண்டு ஆடுவார்கள். கம்ப்யூட்டருக்குச் சுவர் சுலபம், மனித முகம்கூடச் சுலபம், புகை மட்டும் ஆகாது. நொடிக்கு நொடி உருமாறுவதால் எதை விடுவது, எதை வைப்பது என்று அதற்குப் புரியாது. துர்கையின் முகமே கட்டம் கட்டமாக உடைந்துபோகும். அந்தப் புகையோடு மல்லுக்கட்டி ஒரு வழியாக ஜெயித்தோம். புகையைக் காட்டத் தெரிந்தவனுக்கு மற்றதெல்லாம் எந்த மூலைக்கு? கிரிக்கெட் வந்தது, செய்திச் சேனல்கள் வந்தன, ஷெட் போதாமல் சால்ட் லேக்கில் ஒரு முழுத் தளம் எடுத்தோம்.

தாழ்ப்பாளுக்குப் பிறகு பீங்கான் கோப்பைகள் வந்தன. மண் குவளையில் டீ குடித்துவிட்டு ஜன்னலோரக் கூடையில் வீசிக்கொண்டிருந்தவர்கள் சாஸரோடு உட்கார்ந்தோம். டெலிபோனில் ஊருக்கே கேட்கக் கத்தும் தாதா, மாடிப்படிக்குப் போய் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். கடைசியில் ஒரு உத்தரவு போட்டார். எங்கள் கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்கு நடுவே பெங்காலியில் நாங்கள் எழுதி வைத்திருந்த குறிப்புகளையெல்லாம் எடுத்துவிட்டு இங்கிலீஷில் எழுத வேண்டுமாம். "இதைத் தொட்டால் கையை ஒடிப்பேன்" என்று புகைப் பகுதியின் தலையில் நான் எழுதியிருந்ததும் போயிற்று. படிக்கப்போகிறவருக்கு பெங்காலி தெரியாது என்றுதானே அர்த்தம்? கம்பெனியை விற்கிறார் என்று முடிவுகட்டினேன்.

விற்றால் எனக்கு என்ன? என் வேலை போனால் இந்த ஊரும் போய்விடும். நான் செய்கிற வேலைக்கு அன்றைக்குக் கொல்கத்தாவில் வேறு கம்பெனி கிடையாது. தாத்தா பாங்க் உத்தியோகத்துக்காக வந்து இறங்கிய ஊர் இது. அப்பாவும் நானும் பிறந்த ஊர். தமிழ்நாடு எனக்கு லீவுக்குப் போய்வரும் இடம்தான். என் தமிழும் அப்போது வீட்டுக்குள் புழங்கும் தமிழ்தான். இப்படி எழுதப் பழகியதெல்லாம் பின்னால். இந்த ஊரை விட்டுப் போக எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு கம்பெனியைப் பார்வையிட இரண்டு பேர் வந்தார்கள். ஆபீஸில் என் பெயரைப் பாதியாக வெட்டி, பின்னால் அண்ணன் என்று ஒரு 'தா' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். அதனால் வந்தவர்கள் என்னையும் பெங்காலி என்றே நினைத்தார்கள். தூபப் புகையைத் திரையில் ஓடவிட்டேன். இருவரும் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுப் பார்த்தார்கள். தாதா ஏதோ எடுக்க வெளியே போனதும், இளையவர் மற்றவரிடம் தமிழில் பேசினார்.

"சார், பேசாம இவங்க எல்லாரையும் தூக்கிரலாம்."

"ஆபீஸு?"

"அது எதுக்கு சார்? மூடிரலாம்."

எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. நானும் தமிழன்தான் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். இன்னும் என்னென்ன பேசுகிறார்கள் பார்ப்போம் என்று முகத்தை மரமாக வைத்துக்கொண்டேன். அதற்குமேல் அவர்கள் பேசியது ரசகுல்லா எங்கே நன்றாக இருக்கும் என்பதைத்தான்.

வேலையிலிருந்து தூக்குவது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். சித்தப்பாவை ஒரு கம்பெனியில் தூக்கினார்கள், அவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. எனக்குத் தெரிந்த தூக்கல் அது ஒன்றுதான். வீட்டில் மூச்சு விடவில்லை. தாதாவிடம் மட்டும் ஒரு நாள் நேராகக் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டி, கவலைப்படாதே, உனக்கு நல்லதுதான் நடக்கும் என்றார். எனக்கு என்றால் மற்றவர்களுக்கு? அந்தத் தட்டலுக்குப் பிறகு ராத்திரித் தூக்கமும் போயிற்று.

ஒரு நாள் மத்தியானம் எல்லோரையும் கூப்பிட்டார். மேஜையில் சந்தேஷ் இனிப்புப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கம்பெனியைச் சென்னையில் உள்ள ஒரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது, யாருக்கும் வேலை போகாது, எல்லோரும் சென்னைக்குப் போக வேண்டியதுதான் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஊரில் தூக்குவது என்றால், ஆளை அப்படியே அள்ளிக்கொண்டு போவதும்தான். தாதா கண் கலங்கி என்னைக் கட்டிக்கொண்டார். "நீயாவது வீட்டுக்குப் போறியேப்பா," என்றார் பெங்காலியில். எனக்கு அழுகை வந்தது. அவர் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனைவியை நினைத்துக்கொண்டேன். மாடிப்படி மீன் வாசனையையும் மழைக்காலத்தில் காயாத துணியையும் வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டிருக்கிறவள். ஜாதவ்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிள்ளைகள் பெங்காலியில் கேட்கிற சந்தேகத்துக்கு பெங்காலியிலேயே பதில் சொல்லி அதட்டுவாள். இவளுக்காகவாவது போய்த்தான் ஆக வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். விஷயத்தைச் சொல்லிவிட்டு, அந்த வார்த்தையை நான் தப்பாக எடுத்துக்கொண்டதையும் வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னை ஒரு தடவை தூக்கிண்டு வந்தாச்சு," என்றாள். "அப்போ யாரும் என்னைக் கேக்கலை. இந்தத் தடவை கேட்டேள்னா, நான் வரலை."

நான் இன்னும் கேட்டிருக்கவே இல்லை. கேட்டேன். அதே பதிலைச் சொன்னாள்.

மறுநாள் தாதாவிடம் போய், நான் சென்னைக்குப் போகவில்லை, என் மனைவிக்கு அவள் ஊரை விட்டு வர மனசில்லை என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எந்தக் கம்பெனி உன்னை இழுக்கிறது, உண்மையைச் சொல் என்றார். சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை.

"அவ ஊரு சென்னைதானே?" என்று மடக்கினார்.

"இல்லை தாதா," என்றேன். "கொல்கத்தா."