தசை அனுப்பிய சேதி

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் என்பதால் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் டிரைவரம்மா. வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. எந்த நெரிசலிலும் வண்டியை நுழைத்து எடுப்பதில் கில்லாடி.

ஒரு மழை நாளில் நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பியபோது ஈரத் தரையில் கால் வழுக்கி விழுந்தார். இடது தொடை எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்து, எலும்பு கூடும்வரை அந்தக் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கணவர் தையல்காரர். முன்னறையில்தான் மெஷின். மனைவியை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார். தண்ணீர் டம்ளரைக்கூட அவர் கையால் எடுக்க விடவில்லை. "நீ அசையாம படு. மத்ததை நான் பாத்துக்கறேன்." டிரைவரம்மாவும் அப்படியே படுத்தார். மறுபரிசோதனைக்குப் போனபோது தொடை சூம்பிப் போயிருந்தது. ஏற்கெனவே இருந்த சர்க்கரையும் எகிறியிருந்தது.

"இனிமே போன் எடுக்கிற வேலை பாருங்களேம்மா" என்றார் வண்டிகளைக் கவனிக்கும் மேலாளர். ஆறுதலாகத்தான் சொன்னார். டிரைவரம்மாவுக்குச் சுருக்கென்றது.

"ஹலோ ஹலோன்னு கத்தவா சார் நான் லைசென்ஸ் எடுத்தேன்?"

அன்றே கணவரைக் கூட்டிக்கொண்டு பிசியோதெரபி அறைக்குப் போனார். அங்கே இருந்த பெண் பரிசோதித்துவிட்டு, இரண்டு கைகளாலும் எடை தூக்கச் சொன்னார். நல்ல காலுக்கும் பயிற்சி கொடுத்தார். உடைந்த காலில் தொடையை இறுக்கித் தளர்த்துவது மட்டும்.

தையல்காரருக்குப் பொறுக்கவில்லை. "இவளுக்கு உடைஞ்சது தொடை. நீங்க கையைத் தூக்கச் சொல்றீங்க. பல்லு வலிக்குதுன்னு வந்தவனுக்கு முழங்கால்ல கட்டுப் போட்ட கதையால்ல இருக்கு?"

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "தசைன்னா எலும்பை இழுக்கற கயிறு, அவ்வளவுதான்னு நினைக்கறோம் சார். அது வேலை செய்யறப்போ சில ரசாயனங்களை ரத்தத்துல விடுது. மயோகைன்னு பேரு. கையில புறப்பட்டது கையோட நிக்காது. ரத்தம் போற இடமெல்லாம் போகும். கல்லீரல், கொழுப்பு, எலும்பு, ஏன், மூளைக்குக்கூட. இங்க வேலை நடக்குது, நீங்களும் தயாராகுங்கன்னு சேதி சொல்லும்."

"படுத்தே கிடந்தா?"

"சேதி குறைஞ்சுபோகும்."

"அப்போ எலும்பு இதுலயே கூடிடுமா?" என்று கேட்டார் டிரைவரம்மா.

"அப்படிச் சொல்ல மாட்டேம்மா. மருந்தும் வேணும், சாப்பாடும் வேணும். இந்தக் கால் தேற இந்தக் கால்தான் உழைக்கணும். அதுக்கு நேரம் வரும். அதுவரைக்கும் மத்த உடம்பு ஏன் சும்மா கிடக்கணும்?"

மறுநாள் காலையில் மெஷின் கடகடவென்று ஓடியது. தையல்காரர் பழைய கித்தான் துணியில் பைகள் தைத்து, எடைக்கு மணல் நிரப்பி, கையில் கட்டிக்கொள்ள நாடாவும் வைத்திருந்தார்.

"இந்தா, கட்டிக்க. தையல் பிரிஞ்சா என்னைக் கேளு."

அதன்பிறகு அந்த வீட்டில் ஓய்வு என்ற பேச்சே எழவில்லை. மனைவி கொஞ்சம் சுணங்கினால், "என்ன டிரைவரே, வண்டி நின்னுடுச்சு?" என்று மெஷினிலிருந்தே குரல் கொடுப்பார். முதலில் இறங்கியது சர்க்கரை. பிறகு எலும்பு கூடியது, காலை ஊன்றலாம் என்றார்கள். அங்கேதான் பாடு. துணி வெட்டும் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழும்போது கண்ணில் நீர் முட்டும். திட்டிக்கொண்டே எழுவார். நாளாக நாளாகத் திட்டு குறைந்தது, தொடை திரண்டது.

வேலை கேட்டுப் போன அன்று மேலாளர் தயங்கினார். "வண்டி ஓட்டிடுவீங்க, சரி. ஆளைத் தூக்கணுமே?"

"ஸ்ட்ரெச்சர் இருக்கு, நர்ஸ் தம்பி இருக்கான். நீங்க படுங்க சார்."

மேலாளர் நல்ல கனமான ஆள். மறுத்துப் பார்த்தார், சுற்றி நின்றவர்கள் விடவில்லை. படுத்தார். ஒரு முனையை நர்ஸும் மறு முனையை டிரைவரம்மாவும் பிடித்து, மாடிப்படி முழுக்க அவரைத் தூக்கிச் சென்றார்கள். நடை லேசாகச் சாய்ந்தது, பிடி ஆடவே இல்லை.

"போதும்மா, இறக்குங்க! நாளைக்கே வந்துடுங்க!" என்று படுத்தபடியே கத்தினார் மேலாளர்.

மறுநாள் வந்த முதல் அழைப்பு ஒரு பிரசவம். டிரைவரம்மா பெல்ட்டை மாட்டிக்கொண்டு இடது காலால் கிளட்ச்சை அழுத்தி மிதித்தார். அது அடிவரை போனது.