செல்லத்துரையின் பந்தும் ஒன்பதாம் குழியும்

கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுகிறவனுக்கு எல்லாக் குழியும் மனப்பாடம். ஒன்றில்கூடப் பந்து போட அவனுக்கு அனுமதி கிடையாது. ஓமானில் பதினெட்டு வருஷம் அந்த வேலை பார்த்தேன். விருந்து சமைத்துவிட்டுப் பந்தியில் உட்காராதவர்கள், அடுத்தவர் கல்யாணப் பட்டுச்சேலை நெய்தே கண் போனவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

என்னோடு வேலை பார்த்தவன் கருங்கல் ஊர்க்காரன் செல்லத்துரை. எவனாவது தடுமாறி அடித்தால், "நானா இருந்தா நாலு அடியில போட்டிருப்பேன் மக்கா" என்பான். மைதானத்துக் குளத்தில் கிடைத்த ஒரு பந்தைப் பத்திரமாக வைத்திருந்தான். ஊருக்குப் போய் ஒரு தடவையாவது அதைக் குழியில் போட வேண்டும், அதுதான் அவன் ஆசை. போன வருஷம் உச்சி வெயிலில் புல் வெட்டும்போதே விழுந்து செத்துப்போனான். சவப்பெட்டியோடு ஊருக்கு நான்தான் வந்தேன். பந்தும் என்னிடம்தான் இருந்தது. பிறகு நான் திரும்பிப் போகவில்லை.

வாசலில்

குலசேகரம் தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கிளப் இருக்கிறது. ஒன்பதே குழி. என் மனைவிக்குக் கண் ஆபரேஷன் செய்த டாக்டர் அங்கே மெம்பர். பந்தின் கதையைக் கேட்டதும், தன் விருந்தாளியாக வரச் சொல்லிவிட்டார்.

சட்டைக்கு இஸ்திரி போட்டு, புது ஷூ மாட்டி, பஸ்ஸில் போய் இறங்கினேன். காவலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. காய்த்துப்போன என் கையைத்தான் பார்த்தான். "புல்லு வெட்ட வந்தவரு பின்வாசல் வழியா போவும்."

முதல் குழி

டாக்டர் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு என்னை உள்ளே கூட்டிப்போனார். செல்லத்துரையின் பந்தைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டேன். நடுவில் குளம் உண்டு, அதில் விழுந்தால் போச்சு. கடைசிக் குழிக்கு மட்டும் அந்தப் பந்து. மற்றதுக்கெல்லாம் டாக்டரின் பந்து.

முதல் அடியில் பந்தோடு புல்லும் பெயர்ந்து பறந்தது. அய்யோ, என்னால் சும்மா இருக்க முடியுமா? ஓடிப்போய் எடுத்து வந்து, மண்டியிட்டுப் பதித்து, காலால் அமுக்கினேன். பக்கத்தில் யாரோ பெயர்த்த இடம் நாலைந்து கிடந்தது. அதையும் சரிசெய்தேன். பின்னால் ஒரு கூட்டமே காத்து நிற்பதை நான் கவனிக்கவில்லை. அதில் ஒருவர் கத்தினார்: "டாக்டரே, ஒம்ம ஆளு விளையாட வந்தாரா, வேலைக்கு வந்தாரா?"

ஐந்தாம் குழி

டாக்டருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவசர போன். அவர் கிளம்பினால் நானும் கிளம்ப வேண்டுமாம். இன்னும் நாலே குழி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக ஆடிவிட்டுப் போகிறேன் என்று மானேஜரிடம் கெஞ்சினேன். வெட்கத்தைவிட்டே கெஞ்சினேன். பாவம், அவர் முகமும் சுண்டிப்போனது. "மெம்பர் இல்லாம கெஸ்ட் உள்ள நிக்கப்பிடாது அண்ணாச்சி, இது நான் வச்ச சட்டமில்ல."

ஒன்பதாம் குழி

அடுத்த வாரம் டாக்டர் போனை அணைத்துவிட்டே வந்தார். ஒன்பதாவது குழிக்குச் செல்லத்துரையின் பந்தை எடுத்து வைத்தேன். முதல் அடி ரப்பர் மரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. அடுத்தது மணல் பள்ளம். அதிலிருந்து ஏறவே மூன்று அடி. மணலைச் சமப்படுத்தக் குனிந்தேன். டாக்டர் மணல் வாரியை என் கையிலிருந்து வாங்கி, அவரே இழுத்துவிட்டார்.

பதினோராவது அடியில் பந்து விழுந்தது. குழிக்குள் கையை விட்டவன் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். "இத நேரா அவன் வீட்டுல கொண்டு குடும்."

கருங்கலில்

செல்லத்துரையின் மனைவி மேரி பந்தைச் சேலை முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். எத்தனை அடியில் விழுந்தது என்று கேட்டாள். பொய் சொல்ல மனசு வரவில்லை, பதினொன்று என்றேன். பந்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். "அவியளா இருந்தா நாலு அடியில போட்டிருப்பாவ அண்ணே."

பதினெட்டு வருஷம் புல் வெட்டி, இரண்டு நாள் விருந்தாளியாக ஆடி நான் கண்டது, அவன் சொன்ன அந்த நாலு அடியை இனி யாரும் அடித்துக் காட்ட முடியாது என்பதுதான்.