ஆரணிக்கு வந்த இருபத்தொரு இன்ச்

மானிட்டர் விற்கும் தொழிலில் ஒரு பெரிய கஷ்டம், வாங்கியவர் அதைத் தினமும் முறைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். மிக்சி வாங்கியவர் அதன் எதிரில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஃபேன் வாங்கியவர் அண்ணாந்து பார்ப்பதில்லை. மானிட்டரை மட்டும் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பார்க்கிறார்கள். எதையுமே பார்க்கப் பார்க்கக் குறை தெரியும் என்பது, பொருள் விற்றுப் பிழைக்கும் என் சகபாவிகளான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஊரில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆரணியில் கம்ப்யூட்டர் கடை வைத்தேன். பட்டு ஊர். பட்டில் எத்தனை விதமாக ஏமாற்றலாம் என்று தெரிந்தவர்கள் நிறைந்த ஊர், அதனால் யாரும் எதையும் லேசில் நம்பமாட்டார்கள். நானும் இந்த ஊர்க்காரன்தான், என் கடைப் பூட்டையே இரண்டு முறை இழுத்துப் பார்ப்பவன். அப்போது எல்லாரும் பதினைந்து இன்ச்தான் வாங்குவார்கள். ஏகாம்பரம் அண்ணன் மட்டும் வந்து, "இருக்கறதுலயே பெருசு வேணும்" என்றார்.

அவர் தறிக்காரர்களிடம் பட்டும் ஜரிகையும் கொடுத்துச் சேலை நெய்து வாங்கும் வியாபாரி. பார்டர் டிசைனைக் கம்ப்யூட்டரில் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் கடைசி ஸ்க்ரீனில் உட்கார்ந்து அவர் துப்பாக்கி சுடும் கேம் ஆடுவதை நான் கண்ணால் பார்த்திருந்தேன். கேட்டால் வியாபாரம் போய்விடும், கேட்கவில்லை. மற்ற சேலை வியாபாரிகள் எல்லாம், ஏகாம்பரம் வாங்கியது எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் என் கடைப் படியேறுவது என்று காத்திருந்தார்கள். இந்த ஒரு மானிட்டர் திரும்பி வந்தால் என் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

மூலைக்கு மூலை

இருபத்தொரு இன்ச் என்றேன். படம் போட்ட விளம்பரத் தாளையும் காட்டினேன். அவர் பையிலிருந்து டேப்பை எடுத்து, என் கடையிலிருந்த பதினைந்து இன்ச்சை முதலில் அளந்தார். அகலத்தில் வைத்தார், பன்னிரண்டு கூட வரவில்லை. உயரத்தில் வைத்தார், அது இன்னும் குறைவு. என்னைப் பார்த்த பார்வையில் நான் திருடனாகிவிட்டேன்.

"இல்லண்ணா, இதைக் குறுக்கே அளக்கணும். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு. உலகம் பூரா அப்படித்தான்" என்றேன். அளந்தார். அதிலும் ஒரு இன்ச் குறைந்தது. ஓரத்தில் பிளாஸ்டிக்குக்குள் மறைந்துபோகும் கண்ணாடியையும் கம்பெனிக்காரன் கணக்கில் சேர்த்துவிடுவான் என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் சொல்லும்போது எனக்கே பொய் மாதிரி இருந்தது. அவர் டேப்பை நிதானமாகச் சுருட்டினார். "சேலையை எவனாவது மூலைக்கு மூலை அளந்து விப்பானா தம்பி? வித்தா வுட்ருவாங்களா?"

கனம்

அப்போதுதான் ஒல்லி மானிட்டர்கள் வர ஆரம்பித்திருந்தன. அதில் ஒன்றைக் காட்டினேன். கேமில் வேகமாக ஓடும் உருவம் அதில் வால் விட்டுக்கொண்டு இழுபடும், பழைய குண்டு மானிட்டரில் அப்படி ஆகாது. ஆனால் டிசைன் பார்க்க வந்தவரிடம் அதை எப்படிச் சொல்வது? "டிசைன் வேகமா நகந்தா கொஞ்சம் இழுக்கும்ணா" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "அப்ப வேணாம், என் டிசைன் ரொம்ப வேகமா நகரும்" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்.

குண்டு மானிட்டரே வாங்குவது என்று முடிவானது. மாதிரிக்குப் பத்தொன்பது இன்ச் ஒன்று இருந்தது, அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. பட்டுக்காரர்களுக்குக் கனம் பிடிக்கும். தெளிந்த முகம் மறுபடியும் சுருங்கியது. "ஜரிகை சேந்தாலும் சேலை கனக்கும், கஞ்சி போட்டு ஏத்தினாலும் கனக்கும். இது எந்தக் கனம்?"

பஸ்ஸில்

இருபத்தொரு இன்ச்சை வேலூருக்குப் போய் நானே எடுத்துவந்தேன். மொத்தக் கடைக்காரன் பழையதைப் புதுப்பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுவானோ என்று எனக்குச் சந்தேகம். அவன் முன்னாலேயே பெட்டியைப் பிரித்து, ஒயரில் கட்டியிருந்த கவர் கிழியாமல் இருக்கிறதா, பின்பக்கத் துளைகளில் தூசி இருக்கிறதா என்று பார்த்தேன், மோந்துகூடப் பார்த்தேன். அவன் என்னைக் கேவலமாகப் பார்த்தான்.

பஸ்ஸில் கடைசி சீட்டில் பெட்டியை ஏற்றி, விழாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணமங்கலம் தாண்டியதும் கண்டக்டர் வந்து பெட்டியில் என்ன என்று கேட்டார். மானிட்டர் என்றேன். நம்பவில்லை. டிவி மாதிரிதான், ஆனால் டிவி இல்லை, சேனல் வராது என்று விளக்கினேன். விளக்க விளக்க அவருக்குச் சந்தேகம் வலுத்தது. லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்து என் சட்டைப் பையில் செருகினார். "டிவின்னா டிவின்னு சொல்லேன்யா, இன்னாத்துக்கு இங்கிலீஷ்ல மறைக்கிறே?"

வெயிலில் காட்டு

ஆரணியில் டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டு வாங்கமாட்டார்கள். சேலையை வாசலுக்குக் கொண்டுபோய்ச் சூரிய வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துத்தான் கலரைச் சொல்வார்கள். அரக்கா, மெரூனா என்பது வெயிலில்தான் தெரியும். மானிட்டரைக் கடையில் போட்டுக் காட்டினேன். நல்ல சிவப்பு ஒன்றைத் திரை முழுக்க நிரப்பினேன். ஏகாம்பரம் அண்ணன் அசையவில்லை. "வாசலுக்கு எடுத்துக்கினு வா" என்றார்.

எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. ஒயரை நீட்டி, ஸ்டூல் போட்டு, அந்தக் கனத்தை நானும் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரும் சேர்ந்து தூக்கிவந்து வெயிலில் வைத்தோம். சிவப்பு காணாமல் போனது. கண்ணாடியில் ஏகாம்பரம் அண்ணனும், அவருக்குப் பின்னால் தெருவில் கூடியவர்களும் தெரிந்தார்கள். ஒருவழியாகப் பேசி, வெயிலும் வேண்டாம் டியூப்லைட்டும் வேண்டாம், அவர் வீட்டில் சேலை பார்க்கும் இடத்திலேயே வைப்பது என்று சமாதானம் ஆனது. அதாவது தெருக்கதவை ஒட்டிய முன் அறை, பக்கச் சுவர் ஓரம். கிளம்பும்போதும் கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னார். "சூரியன் முன்னாடி நிக்காத கலரு இன்னா கலரு?"

நூல் எண்ணும் லென்ஸ்

அவர் வீட்டில் மேசை போட்டு மானிட்டரை வைத்தேன். முதலில் திரை லேசாக மினுக்கியது. திரை படத்தை வரையும் வேகத்தை ஏற்றிச் சரி செய்தேன். பிறகு நுணுக்கத்தை உச்சத்துக்கு வைத்தேன், அகலத்துக்கு ஆயிரத்து அறுநூறு புள்ளி. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஆனதும், கண்ணுக்குத் தெரியாத எழுத்தை எதற்குக் காசு கொடுத்து வாங்கினேன் என்றார். அதையும் பெரிதாக்கிக் கொடுத்தேன்.

அத்தோடு விட்டாரா? ஒரு அங்குலத்தில் எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணும் சின்ன லென்ஸை எடுத்துத் திரையில் ஒட்டவைத்துக் கண்ணைப் பொருத்தினார். வெள்ளைத் திரைதான் ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். லென்ஸில் வெள்ளையே இல்லை, சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பொடிப் பொடியாக இருந்தது. மூன்றும் சேர்ந்தால்தான் நம் கண்ணுக்கு வெள்ளை என்று சொன்னேன். "வெளிய வெள்ளைன்னு காட்டிட்டு உள்ள மூணு கலர் ஓட்றான். இவனை நம்பி நான் டிசைன் போடணுமா?"

நடுக்கம்

அந்த வாரமே வந்துவிட்டது விதி. கடை திறக்கும்போதே ஏகாம்பரம் அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தார். காலையில் உட்கார்ந்தால் படம் நடுங்குகிறதாம். கொஞ்ச நேரம் நடுங்கி, தானாக நின்றுவிடுகிறதாம். மத்தியானம் நான் போய்ப் பார்த்தபோது ஆணி அடித்த மாதிரி நின்றது. மறுநாளும் அதே புகார். மூன்றாம் நாள் ஒரு வியாபாரி டீக்கடையில் என்னிடமே கேட்டார், நீ விற்ற மானிட்டருக்கு ஜுரமாமே என்று. பயந்துதான் போனேன்.

வேலூர்க்காரன் பழையதைத் தலையில் கட்டிவிட்டானோ என்று அவன்மேல் எனக்குச் சந்தேகம். வீட்டில் ஒயரைத் தப்பாக இழுத்திருப்பாரோ என்று அண்ணன்மேலும் சந்தேகம். அவருக்கு என்மேல் மட்டும்தான் சந்தேகம், அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். "பாம்பேல ஆபீஸ்காரன் தூக்கிப் போட்டதைத் துடைச்சி எனக்குக் குடுத்துட்டே. நாளைக்குக் காலையில வந்து நீயே பாரு, நடுங்குச்சின்னா அப்பவே தூக்கிக்கினு போயிரு."

பக்கத்து வீட்டு மெஷின்

விடிந்ததும் போனேன். அண்ணன் அவசரமாக எதையோ மூடி, டிசைனைத் திறந்தார். மூடியதில் ஒரு துப்பாக்கி முனையை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பார்டரில் இருந்த மயில் நடுங்க ஆரம்பித்தது. அண்ணன் பொய் சொல்லவில்லை, மானிட்டர் நடுங்கத்தான் செய்தது.

பக்கத்தில் மோட்டார் ஏதாவது ஓடினால் குண்டு மானிட்டர் இப்படி நடுங்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பட்டு முறுக்கும் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பிடித்துவிட்டேன் என்று நினைத்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சி மெஷினை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். மயில் நிற்கவில்லை. தெருவெல்லாம் எட்டிப் பார்க்க, பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டார். "உன் பெட்டி ரிப்பேருக்கு என் பொழப்பை இன்னாத்துக்குப்பா நிறுத்தறே?"

பலகைப் பெட்டி

மானிட்டரை மெல்ல நகர்த்திப் பார்த்தேன். இந்தப் பக்கம் தள்ளினால் நடுக்கம் குறைந்தது, மூலைப் பக்கம் தள்ளினால் கூடியது. மூலையில் ஒரு பலகைப் பெட்டி, அதன்மேல் மடித்துப் போட்ட பழைய ஜமக்காளம். கை வைத்தேன். பெட்டி சூடாக இருந்தது, உள்ளே ஏதோ உறுமியது. மெஷின் சத்தம் நின்றதால்தான் அந்த உறுமல் காதில் விழுந்தது. மூடியைத் தூக்கினேன். முனிசிபாலிட்டிக் குழாயில் பொருத்திய மோட்டார் ஒன்று தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர், அதுவும் சரியாக வருவதில்லை. யாரோ திருட்டு மோட்டார் போட்டிருக்கிறார்கள் என்று வீடு வீடாகச் சந்தேகப்பட்டு, ஆபீசில் போய்ச் சண்டை போட்டுவருபவரே ஏகாம்பரம் அண்ணன்தான். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. உடனே தெருக்கதவைச் சாத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் எதையும் பார்க்கும் முன்பே வெளியே மாட்டிக்கொண்டார்.

சமையலறையில் சுவிட்ச் அணையும் சத்தம் கேட்டது. மயில் அசையாமல் நின்றது. அண்ணி ஈரக்கையைத் துடைத்தபடி வந்தார். அண்ணன் சேலை விற்கக் காஞ்சிபுரம் போயிருந்தபோது ஆள் வைத்துப் பொருத்தியதாம். "என் வூட்லயேவா? என்னை ஒரு வார்த்தை கேக்கலியே" என்றார் அண்ணன், குரலே எழும்பாமல். அண்ணி குரலை உயர்த்தவில்லை. "ஊரெல்லாம் தண்ணி இல்லாம பேஜாரா கிடக்குது, நம்ம தொட்டி மட்டும் எப்படி ரொம்பிகினு இருக்குதுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? நீங்க டிசைன் போடறப்ப துப்பாக்கி சத்தம் கேக்குதே, நான் எதுனா கேட்டனா?"

ஈசானிய மூலை

மோட்டாரை அன்றே கழற்றிவிட்டார்கள். அண்ணி இரண்டு நாள் பேசவில்லை என்று கேள்வி. மானிட்டரில் குறை இல்லை, ஆனால் அதை ஊருக்கு எப்படிச் சொல்வது? நடுங்கும் மானிட்டர் விற்றவன் என்ற பேர் டீக்கடை வரை வந்தாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் அண்ணன் தெருவில் தலைகாட்ட முடியாது. சொல்லாவிட்டால் என் கடை இருக்காது. அவரிடமே போய் நின்றேன். கண் கலங்கிவிட்டது எனக்கு. "நீ கம்முனு இரு, நான் பாத்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார். மேசையை எதிர்ச்சுவருக்கு மாற்றி, பக்கத்து வீட்டுக்காரரையும் மற்ற வியாபாரிகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, அசையாத மயிலைக் காட்டினார். முதலில் வைத்த மூலை வாஸ்துக்கு ஆகாது, ஈசானியத்துக்கு மாற்றினதும் நடுக்கம் நின்றுவிட்டது, தம்பி கொடுத்தது சொக்கத்தங்கம் என்றார். ஒருவர்கூடக் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. டேப் எடுக்கவில்லை, லென்ஸ் எடுக்கவில்லை, வெயிலில் வைக்கச் சொல்லவில்லை. அந்த மாதமே ஆர்டர்கள் வந்தன. செய்யாறிலிருந்து வந்த ஒருவர் கடைக்குள் நுழையும்போதே பெட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டார். "மானிட்டரு எதுனா குடுங்க சார், மூலை மட்டும் நீங்களே வந்து பாத்து வெச்சிருங்க."

நான் உண்மையை மட்டும் சொன்ன வரைக்கும் என்னை மூலைக்கு மூலை அளந்து பார்த்த ஊர், நான் சொல்லாத ஒரு பொய்யை நம்பி என்னிடம் வாங்க ஆரம்பித்ததிலிருந்து, யாராவது பேரம் பேசாமல் "நீங்க சொன்னா சரி" என்றால் எனக்குத்தான் அவர்மேல் சந்தேகம் வருகிறது.